கௌரவ விரிவுரையாளர்களும் கடைசி நேரப் பாட மாற்றங்களும்

கௌரவ விரிவுரையாளர் என்பவர் அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நிரப்பப்படாமல் இருக்கும் ஆசிரியர் பணியிடங்களில், தொகுப்பூதியம் பெற்றுக்கொண்டு தற்காலிகமாகப் பாடம் நடத்துபவர் ஆவார். கல்வித்தகுதியில் இவருக்கும் நிரந்தர உதவிப் பேராசிரியருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பணிப் பாதுகாப்பு, ஊதியம், விடுப்பு ஆகியவற்றில் வேறுபாடு மிகுதி. பருவம் தொடங்கும் வேளையில் தாள் மாற்றப்படுவதும், வகுப்பு மாற்றப்படுவதும், சில நேரங்களில் வேலையே இல்லாமல் போவதும் இவருக்கே அதிகமாக நேர்கின்றன. இக்கட்டுரை காரைக்குடியையும் சிவகங்கை மாவட்டத்தையும் பின்புலமாகக் கொண்டு, இத்தகைய மாற்றங்கள் ஏன் ஏற்படுகின்றன, அவற்றின் சுமை யார் மேல் விழுகிறது, விதிகளும் நீதிமன்றங்களும் என்ன சொல்கின்றன என்பதை விளக்குகிறது.

பெயர்

மக்கள் பேச்சில் ‘கெஸ்ட் லெக்சரர்’ என்று வழங்கும் பதவியே அரசு ஆவணங்களில் கௌரவ விரிவுரையாளர் எனப்படுகிறது. இலங்கைத் தமிழில் இதற்கு இணையாக ‘வருகைதரு விரிவுரையாளர்’ என்ற சொல் உள்ளது. விருந்தினர் என்பவர் எப்போதாவது வந்து போகிறவர். பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ள ஓர் அறிஞரை அழைத்துச் சில சொற்பொழிவுகள் நிகழ்த்தச் செய்து, அதற்கு மதிப்பூதியம் வழங்கும் வழக்கத்திலிருந்தே இச்சொல் வந்தது. தமிழ்நாட்டில் இன்று இப்பெயரில் பணியாற்றுவோர் பலர் பத்து, பதினைந்து ஆண்டுகளாக ஒரே துறையில், வாரம் முழுவதும் பாடம் நடத்தி வருபவர்கள். பெயர் குறிக்கும் பணியும் உண்மையில் நடக்கும் பணியும் வெவ்வேறாகிவிட்டன.

கல்லூரிகளில் வேறு சில தற்காலிகப் பிரிவினரும் உள்ளனர். பெற்றோர் ஆசிரியர் கழக நிதியிலிருந்து ஊதியம் பெறுவோர், சுயநிதிப் பிரிவில் நிர்வாகத்தால் அமர்த்தப்படுவோர், பல்கலைக்கழகங்களில் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றுவோர் ஆகியோர் இவர்கள். பெயர்கள் வேறுபட்டாலும், கடைசி நேர மாற்றத்தை மறுக்க முடியாத நிலை இவர்கள் அனைவருக்கும் பொதுவானது.

காரைக்குடியின் கல்விப் பின்புலம்

செட்டிநாட்டில் உயர்கல்வி வள்ளல் ராம. அழகப்பச் செட்டியாரின் (1909–1957) முயற்சியால் வேரூன்றியது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசுவாமி முதலியார், கல்லூரிகள் தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று விடுத்த அழைப்பை ஏற்று, அவர் 1947-ஆம் ஆண்டு காரைக்குடியில் கலைக் கல்லூரியைத் தொடங்கினார். முதல் வகுப்புகள் காந்தி மாளிகையில் நடந்தன. பின்னர் அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948-இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது, 1953-இல் திறக்கப்பட்டது.

அழகப்பா பல்கலைக்கழகம் 1985-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகள் இதனுடன் இணைவு பெற்றுள்ளன. காரைக்குடியில் அழகப்பா அரசு கலைக் கல்லூரியும், சிவகங்கையில் மன்னர் துரைசிங்கம் அரசு கலைக் கல்லூரியும், பூலாங்குறிச்சியில் வ.செ. சிவலிங்கம் அரசு கலைக் கல்லூரியும் இம்மாவட்டத்தின் அரசுக் கல்லூரிகளுள் சில. தேவகோட்டை, கல்லல், திருப்பத்தூர், புதுவயல் வட்டாரக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்து படிக்கும் மாணவர்களுக்கு இக்கல்லூரிகளே பட்டப்படிப்புக்கான வாயில். இவர்களில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியில் காலடி வைப்பவர்கள். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் இல்லாத இம்மாணவர்களுக்கு வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரே முதன்மைத் துணை.

கௌரவ விரிவுரையாளர் முறை வளர்ந்த விதம்

தமிழ்நாட்டில் அரசு கலை, அறிவியல் கல்லூரிகளின் எண்ணிக்கையும் மாணவர் எண்ணிக்கையும் உயர்ந்த வேகத்தில் நிரந்தர நியமனம் நடைபெறவில்லை. பல அரசுக் கல்லூரிகளில் வகுப்பறைப் பற்றாக்குறையைச் சமாளிக்க முற்பகல், பிற்பகல் என இரு சுழற்சிகளாக வகுப்புகள் நடத்தப்பட்டன. இரண்டாம் சுழற்சிக்குத் தேவையான ஆசிரியர்களில் பெரும்பகுதியினர் கௌரவ விரிவுரையாளர்களாகவே அமர்த்தப்பட்டனர். ஓய்வு பெற்றவர்களின் இடங்களும் இவ்வாறே நிரப்பப்பட்டன. இன்று மாநிலம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் இப்பணியில் உள்ளனர்.

உதவிப் பேராசிரியர்களை ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கிறது. 2019-ஆம் ஆண்டு 2,331 பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியானது; அதன்படி நியமனம் நடைபெறவில்லை. 2024 மார்ச் மாதம் 4,000 பணியிடங்களுக்குப் புதிய அறிவிப்பு வந்தது. ஆகஸ்டு மாதம் நடப்பதாக இருந்த தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. ஓர் அறிவிப்புக்கும் நியமன ஆணைக்கும் இடையே ஆண்டுகள் கழியும்போது, அந்த இடைவெளியை நிரப்புபவர் கௌரவ விரிவுரையாளரே. நிரந்தர நியமனம் வந்தால் தம் இடம் பறிபோகுமோ என்ற அச்சமும், வராவிட்டால் தாம் நிரந்தரமாக வழியில்லையே என்ற ஏக்கமும் ஒருசேர இவர்களுக்கு உண்டு.

இவர்களது மாதத் தொகுப்பூதியம் 15,000 ரூபாயாக இருந்து, 20,000 ரூபாயாகவும் பின்னர் 25,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இது ஆண்டுக்கு 11 மாதங்களுக்கு மட்டுமே வழங்கப்படுவது வழக்கம். மே மாதத்துக்கு ஊதியம் இல்லை. ஆகவே ஆண்டு வருவாய் 2,75,000 ரூபாய். இதைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் 23,000 ரூபாய்க்கும் சற்றுக் குறைவாகும். ஏழாவது ஊதியக் குழுவின்படி நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் மட்டும் 57,700 ரூபாய்; அகவிலைப்படியும் பிற படிகளும் இதற்கு மேல்.

கடைசி நேர மாற்றங்களின் வகைகள்

கல்லூரிப் படிப்பு இரு பருவங்களாக நடைபெறுகிறது. ஒற்றைப்படைப் பருவம் கோடை விடுமுறைக்குப் பின்னும், இரட்டைப்படைப் பருவம் ஏறத்தாழ டிசம்பரிலும் தொடங்கும். பருவத் தொடக்கத்தில் துறைத்தலைவர் தாள்களைப் பங்கிட்டு, கால அட்டவணை தயாரிப்பார். இந்தப் பங்கீடு பின்வரும் வகைகளில் மாறக்கூடும்.

தாள் மாற்றம்: ஒருவருக்கு ஒதுக்கிய தாள் வேறொருவருக்குத் தரப்பட்டு, அவருக்குப் புதிய தாள் கொடுக்கப்படும். மூத்த ஆசிரியர் ஒருவர் மாறுதலில் வந்தாலோ, நீண்ட விடுப்பிலிருந்து திரும்பினாலோ இது நேர்கிறது.

சுழற்சி மாற்றம்: முற்பகல் வகுப்பிலிருந்து பிற்பகல் வகுப்புக்கோ மறுதலையாகவோ மாற்றப்படுதல். வெளியூரிலிருந்து பேருந்தில் வருவோருக்கும், சிறு குழந்தைகள் உள்ள பெண் ஆசிரியர்களுக்கும் இம்மாற்றம் அன்றாட வாழ்க்கையையே புரட்டிப்போடும்.

கல்லூரி மாற்றம்: ஒரு கல்லூரியில் பணிப்பளு குறைந்தால், பணியிடம் காலியாக உள்ள வேறு கல்லூரிக்கு அனுப்பப்படுதல். காரைக்குடியில் குடியிருப்பவர் சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ள சிவகங்கைக்கு நாள்தோறும் சென்றுவர நேர்ந்தால், 25,000 ரூபாயில் ஒரு பகுதி பயணத்துக்கே போய்விடும்.

பணியிழப்பு: பணியிட மாறுதல் கலந்தாய்வு மூலமோ புதிய நியமனம் மூலமோ நிரந்தர ஆசிரியர் வந்து சேரும்போது, அவ்விடத்தில் இருந்த கௌரவ விரிவுரையாளர் விடுவிக்கப்படுகிறார். மாணவர் சேர்க்கை குறைந்து, விருப்பப் பாடம் ஒன்று தொடங்கப்படாமல் போனாலும் இதே நிலை ஏற்படலாம்.

பாடத்திட்ட மாற்றம்: தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் 2023–24 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்தபோது, பல தாள்களின் உள்ளடக்கம் மாறியது. 2022-இல் தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியே திறன் பாடங்கள் சேர்ந்தன. 2020 மார்ச் மாதப் பொதுமுடக்கத்தில் வகுப்புகள் அனைத்தும் சில நாட்களுக்குள் இணையவழிக்கு மாறின. இவை எல்லா ஆசிரியர்களுக்கும் பொதுவான மாற்றங்கள். ஆனால் மடிக்கணினியும் இணைய வசதியும் தம் சொந்தச் செலவில் வாங்கவேண்டியிருந்தவர்களுக்கு, குறைந்த ஊதியத்தில் அவை பெருஞ்சுமையாயின.

மாற்றத்தின் விலை

ஒரு தாளை மாற்றுவது அட்டவணையில் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதுவது போலத் தோன்றும். அதன் உண்மையான விலையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம்.

தமிழ்த் துறையில் பணியாற்றும் கௌரவ விரிவுரையாளர் ஒருவருக்கு ‘இக்கால இலக்கியம்’ ஒதுக்கப்பட்டுள்ளது என்று கொள்வோம். மே மாதத்தில், ஊதியம் இல்லாத அந்த மாதத்தில், அவர் ஐந்து அலகுகளுக்கும் குறிப்பெடுக்கிறார். நூலகத்தில் கிடைக்காத நூல்களை விலைக்கு வாங்குகிறார். கல்லூரி திறந்த இரண்டாம் நாள் அவருக்கு ‘யாப்பும் அணியும்’ தரப்படுகிறது. அடுத்த வகுப்பு மறுநாள் காலையில். ஒரு மாத உழைப்பு வீணாகிறது. புதிய தாளுக்கு ஒவ்வோர் இரவும் தயாரிப்பு தேவைப்படுகிறது.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். வாரம் 16 மணி நேரம் வகுப்பு எடுத்தால் நான்கு வாரங்களில் 64 மணி. 25,000 ரூபாயை 64-ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 390 ரூபாய். பழகிய தாளுக்கு ஒரு வகுப்புக்கு ஒரு மணி நேரத் தயாரிப்பு என்று வைத்துக்கொண்டால் மொத்த உழைப்பு 128 மணி. மணிக்கு 195 ரூபாய். புதிய தாளுக்கு இரண்டு மணி நேரத் தயாரிப்பு வேண்டுமெனில் 192 மணி. மணிக்கு 130 ரூபாய். விடைத்தாள் திருத்துதல், அகமதிப்பீட்டுத் தேர்வு, ஒப்படைவு பார்த்தல், சேர்க்கைப் பணி, தரமதிப்பீட்டுக் குழுவுக்கான கோப்புப் பணி ஆகியவை இக்கணக்கில் சேரவில்லை. தாளை மாற்றிய ஒரு கையெழுத்து, ஊதியத்தைத் தொடாமலேயே ஒரு மணி நேர உழைப்பின் மதிப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுகிறது.

நிரந்தர ஆசிரியருக்கும் தாள் மாறுவதுண்டு; அவருக்கும் அது கூடுதல் உழைப்பே. ஆனால் அவரது பணி நேரக் கணக்கில் தயாரிப்புக்கு இடம் உண்டு. அவர் துறைக் கூட்டத்தில் மறுப்புச் சொல்லலாம். மறுத்ததற்காக அடுத்த ஆண்டு வேலை போய்விடாது. கௌரவ விரிவுரையாளருக்கு அடுத்த கல்வியாண்டில் மீண்டும் அழைப்பு வருமா என்பதே உறுதியில்லை. ஆகவே அவர் பெரும்பாலும் ‘சரி’ என்ற ஒரே விடையைத்தான் சொல்கிறார். மறுப்பு வராததை ஒப்புதலாக எடுத்துக்கொள்வதால், அடுத்த மாற்றமும் அவரையே தேடி வருகிறது.

மாணவர்களுக்கு ஏற்படும் விளைவு

ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 90 வேலை நாட்கள். ஆசிரியர் மாற்றத்தால் முதல் இரு வாரங்கள் சீராக நடக்காவிட்டால், ஐந்து அலகுகளில் ஒன்றுக்கான நேரம் பெரும்பாலும் போய்விடும். அதை ஈடுகட்டக் கடைசி அலகு வேகமாக முடிக்கப்படும் அல்லது ‘படித்துக்கொள்ளுங்கள்’ என்று விடப்படும். தனிப்பயிற்சிக்கு வசதியுள்ள மாணவர் இதைத் தாண்டிவிடுவார். கிராமத்திலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவருக்கு அந்த அலகு கிடைக்காமலேயே போகும்.

பருவத்தின் நடுவில் ஆசிரியர் மாறினால் அகமதிப்பீட்டிலும் குழப்பம் வரும். முதல் தேர்வை ஒருவர் நடத்த, இறுதி மதிப்பெண்ணை மற்றொருவர் இடுவார். முதுகலை, எம்.ஃபில். மாணவர்களுக்கு ஆய்வேட்டு வழிகாட்டுதல் அறுந்துபோன நிகழ்வுகளும் உண்டு. மேற்படிப்புக்கோ வேலைக்கோ பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் முன்னாள் மாணவர், தம்மை நன்கு அறிந்த ஆசிரியர் இப்போது கல்லூரியில் இல்லை என்று அறிவதும் இதன் ஒரு விளைவே. எனவே ஆசிரியரின் பணி நிலைமை என்பது மாணவரின் கற்கும் நிலைமையும் ஆகும்.

விதிகள்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ஆசிரியரின் பணிப்பளுவை வரையறுக்கின்றன. ஆண்டில் 30 வேலை வாரங்களுக்கு வாரம் 40 மணி நேரம் பணி. இதில் நேரடிக் கற்பித்தல் உதவிப் பேராசிரியருக்கு 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி. மீதமுள்ள 24 மணி நேரமும் வேலை நேரமே என்பது இங்கு கவனிக்கத்தக்கது. பாடம் தயாரித்தல், ஆய்வு, மதிப்பீடு முதலியவை ஆசிரியப் பணியின் பகுதி என்று விதியே ஏற்றுக்கொள்கிறது.

அதே ஒழுங்குமுறைகள், மிக இன்றியமையாத போது மட்டுமே ஒப்பந்த ஆசிரியர்களை அமர்த்தலாம் என்றும், அவர்களது எண்ணிக்கை மொத்த ஆசிரியர் பணியிடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் கூறுகின்றன. ஒப்பந்த ஆசிரியரின் மொத்த ஊதியம், முறையாக நியமிக்கப்பட்ட உதவிப் பேராசிரியரின் மாத ஊதியத்துக்குக் குறையலாகாது என்பதும் அவற்றில் உள்ளது.

கௌரவ விரிவுரையாளர்களுக்கான ஊதியத்தை மானியக் குழு 2019 ஜனவரியில் திருத்தியமைத்தது. ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்பது அவ்வழிகாட்டுதல். இந்த விகிதத்தில் 33 விரிவுரைகளிலேயே 49,500 ரூபாய் ஆகிவிடும். மாதம் 64 வகுப்பு எடுப்பவருக்கு உச்சவரம்பின் காரணமாக ஒரு வகுப்புக்குக் கிடைப்பது ஏறத்தாழ 780 ரூபாய்தான். ஆயினும் தமிழ்நாட்டில் வழங்கப்படும் தொகை இந்த உச்சவரம்பில் பாதியே. 50,000 ரூபாய் வழங்கவேண்டும் என்பது கௌரவ விரிவுரையாளர் சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை.

இவ்விதிகளில் ஒரு குறை உண்டு. எத்தனை மணி நேரம், எவ்வளவு ஊதியம் என்று சொல்லும் விதிகள், தாளை மாற்றுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு தரவேண்டும் என்று சொல்வதில்லை. தயாரித்து முடித்த பின் ரத்தாகும் தாளுக்கு ஈடு தரும் ஏற்பாடும் இல்லை. ‘ஒரு விரிவுரைக்கு இவ்வளவு’ என்ற கணக்கு, வகுப்பறைக்கு வெளியே நடக்கும் உழைப்பைக் காண்பதே இல்லை.

நீதிமன்றத் தீர்ப்புகள்

தற்காலிகப் பணியாளர்களைப் பற்றிய தீர்ப்புகள் இருவகையாக அமைந்துள்ளன. பணி நிரந்தரம் கோருவதில் நீதிமன்றங்கள் கண்டிப்புக் காட்டியுள்ளன. ஊதியத்திலும் நடத்தையிலும் நியாயம் வேண்டும் என்பதில் பணியாளர் பக்கம் நின்றுள்ளன.

1988-இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆசிரியர் ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று தீர்ப்பளித்தது. இதனால் தொழில் தகராறு சட்டத்தின் பாதுகாப்பு ஆசிரியர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆலைத் தொழிலாளி தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக முடிந்த காலத்திலும், பணி நீக்கப்பட்ட விரிவுரையாளர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யும் செலவு மிக்க வழியையே நாடவேண்டியிருந்தது.

1992-இல் அரியானா அரசு – பியாரா சிங் வழக்கில், ஒரு தற்காலிகப் பணியாளரை நீக்கிவிட்டு அவ்விடத்தில் மற்றொரு தற்காலிகப் பணியாளரை அமர்த்தக் கூடாது. முறையாகத் தேர்வானவரே அவ்விடத்துக்கு வரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இதே நெறியை 2022-இல் மத்தியப் பிரதேசக் கௌரவ விரிவுரையாளர்கள் தொடர்பான மனீஷ் குப்தா வழக்கிலும் நீதிமன்றம் உறுதிசெய்தது.

2006-இல் உமாதேவி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, முறையான தேர்வின்றி வந்தவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்களில் பத்தாண்டுக்கு மேல் பணியாற்றியோருக்கு ஒருமுறை மட்டும் விலக்கு அளிக்க வழி விட்டது. இன்றும் அரசுகள் இத்தீர்ப்பையே சுட்டுகின்றன.

2016-இல் பஞ்சாப் அரசு – ஜக்ஜித் சிங் வழக்கில், சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கோட்பாடு தற்காலிகப் பணியாளருக்கும் பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது. 2023-இல் கவிதா யாதவ் வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேறு நலன் கிடைக்கவேண்டும் என்று கூறப்பட்டது.

2025 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு ஆசிரியர்களுக்கு மிக நெருக்கமானது. குஜராத் அரசுப் பொறியியல் கல்லூரிகளில் மாதம் 30,000 ரூபாய்க்குப் பணியாற்றிய ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்கு, உதவிப் பேராசிரியர் பதவிக்குரிய ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத்தை வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. விழாக்களில் குருவைத் தெய்வமாகப் போற்றும் மந்திரத்தைச் சொன்னால் மட்டும் போதாது. அது நடத்தையிலும் தெரியவேண்டும் என்பது அத்தீர்ப்பு உணர்த்திய கருத்து.

பிற இடங்களில்

டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் தற்காலிக ஆசிரியர்கள் நான்கு மாத காலத்துக்கு அமர்த்தப்பட்டு, அக்காலம் முடிந்ததும் மீண்டும் அமர்த்தப்படும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2019-இல் புதிய இடங்களில் கௌரவ ஆசிரியர்களை மட்டுமே நியமிக்கச் சொன்ன சுற்றறிக்கையை எதிர்த்து அங்கு பெரும் போராட்டம் நடந்தது. அரியானா சட்டப்பேரவை 2024-இல், குறிப்பிட்ட காலம் பணியாற்றிய கௌரவ விரிவுரையாளர்களுக்குப் பணிப் பாதுகாப்பு அளிக்கும் சட்ட முன்வடிவை நிறைவேற்றியது.

பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் 2022-இல், அதுவரை குறிப்பிட்ட பாடங்களுக்கென மட்டும் அமர்த்தப்பட்ட 4,000-க்கும் மேற்பட்ட துணை விரிவுரையாளர்களை நிரந்தர ஒப்பந்தத்துக்கு மாற்றியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சில பல்கலைக்கழகங்களின் தொழிற்சங்க உடன்படிக்கைகளில், பருவம் தொடங்கும் தறுவாயில் ஒரு பாடம் ரத்தானால் அதற்குத் தயாரித்த ஆசிரியருக்கு ஒரு தொகை வழங்கும் விதி உள்ளது. 1997-இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட உயர்கல்வி ஆசிரியர் நிலை குறித்த பரிந்துரை, பகுதிநேர ஆசிரியருக்கும் வேலைக்கேற்ற விகிதத்தில் அதே ஊதியமும் அடிப்படைப் பணி நிலைமைகளும் வேண்டும் என்கிறது.

நிர்வாகத்தின் இடர்ப்பாடுகள்

எல்லா மாற்றங்களையும் தவிர்க்க முடியாது. மாணவர் சேர்க்கை முடிவது தாமதமானால் எத்தனை வகுப்புகள் என்பதே முதல்வருக்குத் தெரியாது. கலந்தாய்வில் யார் வருவார், யார் போவார் என்பது கல்லூரியின் கையில் இல்லை. ஓர் ஆசிரியர் நோய்வாய்ப்பட்டால் அவருடைய தாளை வேறு எவரேனும் ஏற்றே ஆகவேண்டும். கௌரவ விரிவுரையாளரின் ஊதியத்தை உயர்த்தும் அதிகாரம் துறைத்தலைவருக்கோ முதல்வருக்கோ கிடையாது. அது அரசின் நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்தது.

எனவே நியாயம் என்பது மாற்றமே கூடாது என்பதன்று. மாற்றத்தால் வரும் செலவையும் இழப்பையும் யார் ஏற்பது என்பதே கேள்வி. இப்போது அது ஊதியமும் பாதுகாப்பும் மிகக் குறைந்தவர் தலையில் சொல்லாமலே ஏற்றப்படுகிறது. பணம் செலவாகாத சில ஒழுங்குகளைக் கல்லூரி அளவிலேயே செய்ய முடியும். சிலவற்றுக்கு அரசு ஆணை தேவை.

நியாயமான நடைமுறைகள்

முன்னறிவிப்பு: அடுத்த பருவத்துக்கான தாள் பங்கீட்டை நடப்புப் பருவம் முடியுமுன்பே துறைக் கூட்டத்தில் முடிவுசெய்து எழுத்தில் தருதல். மாற்றம் தேவைப்பட்டால் காரணத்துடன் எழுத்தில் தெரிவித்தல்.

சுழற்சி முறை: கடைசி நேரத்தில் வரும் கூடுதல் தாள்களை நிரந்தர ஆசிரியரும் தற்காலிக ஆசிரியரும் முறைவைத்து ஏற்றல். சென்ற பருவத்தில் மாற்றத்தை ஏற்றவருக்கு இப்பருவத்தில் விலக்கு அளித்தல்.

பழைய தாளைத் திருப்பித் தருதல்: தயாரித்த தாளை இழந்தவருக்கு அடுத்த ஆண்டு அதே தாளில் முன்னுரிமை வழங்கினால், அவருடைய உழைப்பு முற்றிலும் வீணாகாது.

பாடக் குறிப்புப் பகிர்வு: ஒவ்வொரு தாளுக்கும் பாடத்திட்டம், வினாத்தாள்கள், குறிப்புகள் அடங்கிய கோப்பைத் துறையில் வைத்திருந்தால், புதிதாக வருபவர் வெறுங்கையுடன் தொடங்க வேண்டியதில்லை.

தயாரிப்புக்கான ஊதியம்: பருவம் தொடங்கிய பின் தாள் மாற்றப்பட்டாலோ பணி முடிக்கப்பட்டாலோ ஒரு குறிப்பிட்ட தொகை வழங்க அரசு விதி வகுத்தல். மே மாதத்துக்கும் ஊதியம் வழங்குதல்.

பணி விடுவிப்பில் ஒழுங்கு: நிரந்தர ஆசிரியர் வருகையால் இடமிழப்பவரைப் பணிமூப்பு அடிப்படையில் அருகிலுள்ள கல்லூரியின் காலியிடத்துக்கு மாற்றுதல், பருவத்தின் நடுவில் விடுவிக்காமல் பருவ முடிவு வரை பணியில் வைத்திருத்தல். இது மாணவருக்கும் நன்மை.

முறையிடும் வழி: மறுப்புச் சொன்னதற்காக அடுத்த ஆண்டு அழைப்பு மறுக்கப்படாது என்ற உறுதியும், துறைத்தலைவருக்கு மேல் முறையிட ஒரு குழுவும் இருத்தல்.

முன்கூட்டியே எழுதிக்கொள்வது செட்டிநாட்டுக்குப் புதிதன்று. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் இருந்த நகரத்தார் கடைகளுக்கு முகவராகச் செல்பவருக்கு, பணிக்காலமும் சம்பளமும் ஊரிலேயே பேசி எழுதிக்கொள்ளப்பட்டன. பெரும்பாலும் மூன்று ஆண்டுகள் ஒரு கணக்கு. கப்பல் ஏறுமுன் தமக்கு என்ன வேலை, எவ்வளவு காலம், என்ன ஊதியம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. திருமணத்துக்கும் ‘இசைகுடிமானம்’ எழுதும் வழக்கமுடைய மண் இது. வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியருக்கு அதே அளவு தெளிவைத் தருவது பெரிய சலுகை ஆகாது.

மாணவர் அறிய வேண்டியவை

தம் ஆசிரியர் நிரந்தரமானவரா, கௌரவ விரிவுரையாளரா என்பது மாணவருக்குப் பெரும்பாலும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் பருவத்தின் நடுவில் ஆசிரியர் மாறும்போது, அது அந்த ஆசிரியரின் அக்கறையின்மையால் நேர்ந்ததன்று என்பதை அறிந்திருப்பது நல்லது. விடுபட்ட அலகுகளைக் குறித்துவைத்துத் துறைத்தலைவரிடம் எழுத்தில் தெரிவிப்பதும், அகமதிப்பீட்டு மதிப்பெண்களின் நகலை வைத்துக்கொள்வதும் மாணவர் செய்யக்கூடியவை. ஆசிரியர் பணிக்குச் செல்ல விரும்பும் முதுகலை மாணவர்கள் நெட், செட் தகுதித் தேர்வுகளுடன், பணியில் சேருமுன் நியமன ஆணையின் காலம், ஊதியம், விடுவிப்பு பற்றிய வரிகளைப் படித்துப் பார்ப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஆணை வாய்மொழியாக இருந்தால் எழுத்தில் கேட்டுப் பெறுவது அவர்களின் உரிமை.